உப்புப் படத்தில் அப்பா சொன்னது

1

இந்த ஊர் நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் பழைய படம் போடுகிறார்கள். டிக்கெட் கிடையாது. முப்பது நாற்காலி. பத்துப் பேர் வந்தால் அதிகம். போன மாதம் ஆலை விட்டு வரும் வழியில் அவர்கள் வாசல் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். முழுக்க வெள்ளை. நடுவில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கீழே இருந்த எழுத்து எனக்குப் புரியவில்லை. முதுகு புரிந்தது.

அது எங்களுடைய நாற்பத்தொன்றாம் நம்பர் படம். மதுரை கோரிப்பாளையத்தில் காதர் அண்ணன் வீட்டு மாடியில் பார்த்தது.

அந்தப் படத்தில் ஒரு அப்பா மகனைப் பிரியும்போது ஒன்று சொல்வார். அதை நம்பித்தான் நான் ஊரை விட்டு வந்தேன். ஒன்பது வருஷமாக அதைச் சொல்லித்தான் எனக்கு நானே சமாதானம் செய்துகொள்கிறேன். என் அப்பா செத்த பிறகு அக்காவிடம் ஒரு பேச்சுப் பேசினேன். அதுவும் அந்தப் படத்து வார்த்தைதான். அன்றைக்கு அக்கா போனை வைத்தவள் ஏழு வருஷமாக என்னோடு பேசவில்லை.

2

நான் இருப்பது போர்ச்சுகல் நாட்டின் வடக்குப் பக்கம். பாட்டிலுக்குத் தக்கை செய்யும் ஆலையில் வேலை. மரப்பட்டையை வேகவைத்து, ஆறப்போட்டு, கீற்றாக வெட்டித் தருவார்கள். நான் அதை மிஷினில் கொடுத்துத் தக்கையாகத் துளைத்து எடுக்கிறேன். மதுரைப் பக்கம் கப்பலூரில் ரப்பர் வாஷர் அடித்த கைக்கு இது புதிதில்லை. அங்கே ரப்பர் நாற்றம். இங்கே பட்டைத் தூசி. சனி ஞாயிறு இரண்டு நாளும் லீவு என்பது மட்டும் பழக நாளானது.

வீட்டுக்காரியும் மகளும் நான் வந்த மூன்றாம் வருஷம் வந்து சேர்ந்தார்கள். மகள் கயல். இப்போது பதினாலு வயசு. தமிழ் பேசுவாள், சாவகாசமாக இருந்தால். கோபம் வந்தால் இந்த ஊர் பாஷை. சந்தோஷம் வந்தாலும் அதுதான். வீட்டுக்காரி என்னைப் பார்ப்பாள், என்ன சொல்கிறாள் என்று. எனக்கும் பாதிதான் தெரியும். தெரிந்த மாதிரி தலையாட்டுவேன்.

3

படம் பார்க்கிற பழக்கம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

காதர் அண்ணனுக்குக் கோரிப்பாளையத்தில் மிக்ஸி, டிவி ரிப்பேர் கடை. மேலே வீடு. கம்பெனியில் அடிக்கிற வாஷரை நான் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்படிப் பழக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த ஜெபராஜ் சார் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தவர். அவர் பையில் ஒரு தாள் இருந்தது. இங்கிலீஷ் பத்திரிகையில் வந்தது. உலகத்தில் உள்ள சினிமாவில் நல்லது என்று பெரிய ஆட்கள் கூடித் தேர்ந்தெடுத்த நூறு படம். அதை முழுக்கப் பார்க்காமல் சாகக்கூடாது என்றார் சார்.

"தனியாப் பாக்க வேண்டியதுதான சார்," என்றார் அண்ணன்.

"வீட்ல விடமாட்டேங்குறாங்கய்யா. சண்டைப் படமா இருந்தாக்கூட பரவாயில்லைங்குறா."

அண்ணன் தாளை வாங்கி மாடிக் கதவின் பின்னால் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை சார் சர்ச் முடிந்து சாப்பிட்டுவிட்டு வருவார். நான் கப்பலூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். மூன்று பேரும் பாயில் உட்காருவோம்.

சட்டம் மூன்று. நம்பர் வரிசை மாறக்கூடாது. மூன்று பேரும் இருந்தால்தான் போடணும். யாராவது தூங்கிவிட்டால் அந்தப் படம் பார்த்த கணக்கில் வராது, மறுபடி முதலிலிருந்து. பன்னிரண்டாம் நம்பர் படத்தை நான்கு தடவை பார்த்தோம். அதில் மூன்று தடவை தூங்கியது காதர் அண்ணன். நாலாம் தடவை சார் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எல்லாம் வேற்றுநாட்டுப் படம். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். நான் எட்டாவதோடு நின்றவன். அண்ணன் எழுத்துக்கூட்டுவார், இரண்டு சொல் கூட்டுவதற்குள் ஆள் மாறிவிடுவான். அதனால் சார்தான் சொல்லுவார். எழுத்து வந்ததும் அதைத் தமிழில், சத்தமில்லாமல், ஏற்ற இறக்கமில்லாமல். பொம்பளை பேசினாலும் கொலைகாரன் பேசினாலும் ஒரே குரல். கொஞ்ச நேரத்தில் சார் குரல் மறந்துபோகும். படத்தில் இருக்கிறவர்களே தமிழில் பேசுவது மாதிரி இருக்கும்.

"சார், அவ எதுக்கு அழுகுறா?"

"சொல்லல."

"கேட்டுச் சொல்லுங்க சார்."

"யார்ட்டய்யா கேக்க?"

பாங்கு சொன்னால் அண்ணன் படத்தை நிறுத்துவார். அந்த இடைவெளியில் டீ. டீ குடிக்கும்போது படத்தைப் பற்றிப் பேசக்கூடாது. முடிந்த பிறகுதான் பேசணும். முடிந்த பிறகும் நான் அதிகம் பேசினதில்லை. பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வருவேன்.

பேர் எதுவும் வாயில் நுழையாது. நாங்களாகப் பேர் வைத்தோம். கிணற்றுப் படம், ரெண்டு கல்யாணப் படம், ஊமை டாக்டர். தாளில் சார் பேனாவால் கோடு போடுவார். அந்தக் கோட்டைப் பார்க்க எனக்கு ஒரு இது. பத்தாவது முடித்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றும்.

4

நாற்பத்தொன்று உப்புப் படம். எனக்கு விசா வந்த வாரம் பார்த்தோம்.

போவதா வேண்டாமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அப்பாவிடமும் கேட்கவில்லை. அப்பா கப்பலூரில் ஒரு குடோனில் வாட்ச்மேன். பேசமாட்டார். நான் அவரைப் போலத்தான். விசா வந்த செய்தியைச் சொன்னேன். "ம்" என்றார். அது சரி என்கிற ம்மா, வேண்டாம் என்கிற ம்மா என்று தெரியவில்லை.

படத்தில் உப்பளம். அப்பாவும் மகனும் வேலை செய்கிறார்கள். அம்மா இல்லை. மகன் பட்டணம் போக முடிவு பண்ணுகிறான். கிளம்புகிற அன்றைக்கு மரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு உப்பின் மேல் நடந்து போகிறான். அப்பா திரும்பாமல் உப்பை இழுத்துக் குவித்துக்கொண்டே இருக்கிறார். அவர் முதுகு மட்டும்தான் தெரிகிறது. வெயிலில் அம்புட்டும் வெள்ளை. அப்போது அந்த அப்பா வாய்க்குள் என்னமோ சொல்கிறார்.

சார் கொஞ்சம் நிதானித்தார். பிறகு அதே குரலில் சொன்னார்.

"போயிட்டு வா. திரும்பிப் பாக்காத. நான் நல்லா இருப்பேன்."

மகன் திரும்பிப் பார்க்காமல் போகிறான். அதோடு அந்த அப்பாவைப் படத்தில் காட்டவே இல்லை.

காதர் அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "என்னா மனுசன் மாப்ள," என்றார். நான் பஸ் ஏறும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

5

சென்னையில் ஏஜெண்ட் திங்கட்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருந்தான். நான் ஞாயிற்றுக்கிழமை மதியமே கிளம்பினேன். ஒரு நாள் கையில் இருந்தது. வீட்டில் ஏஜெண்ட் சீக்கிரம் கூப்பிட்டுவிட்டான் என்று சொன்னேன். பொய். அந்த ஒரு நாள் வீட்டில் இருந்தால் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரியையும் பிள்ளையையும் மேலூரில் அவள் அம்மா வீட்டில் விட்டிருந்தேன். வீட்டில் அப்பா இருந்தார். பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்த அக்கா வந்து அடுப்படியில் நின்றாள். நான் பையை எடுத்தபோது அப்பா வாசலில் சைக்கிள் டியூபைச் சட்டித் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஓட்டை எங்கே என்று. குமிழி எதுவும் வரவில்லை. டியூபைத் திருப்பித் திருப்பி முக்கினார்.

"வாரேன்ப்பா," என்றேன்.

திரும்பவில்லை. தோள்பட்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. எனக்கு உப்புப் படம் ஞாபகம் வந்தது. போயிட்டு வா, திரும்பிப் பாக்காத, நான் நல்லா இருப்பேன். சத்தியமாக அந்த முதுகு அதைச் சொன்ன மாதிரித்தான் எனக்கு இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

6

வந்த இரண்டாம் வருஷம் அப்பாவுக்கு நுரையீரலில் வியாதி. அக்காதான் பார்த்தாள். எனக்கு அப்போது இங்கே தங்குவதற்கான கார்டு வரவில்லை. மனு கொடுத்ததற்கு ஒரு ரசீது மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போனால் திரும்ப விடமாட்டார்கள் என்றார்கள் கூட இருந்தவர்கள்.

ஊருக்குப் போய்வர அனுமதி கேட்டுக் கார்டு ஆபீசுக்குப் போனேன். அப்பா சாகக் கிடக்கிறார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த வார்த்தையைப் போட்டு அப்பா செத்துவிட்டார் என்று சொன்னேன். கவுண்டரில் இருந்த அம்மா வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு இறப்புச் சான்றிதழ் கேட்டாள். இல்லை என்றேன். அது வந்ததும் வாருங்கள் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். உயிரோடு இருக்கிற மனுசனைச் சாகடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று பட்டது.

நாலாம் நாள் அப்பா போய்விட்டார். அக்கா மகன் கொள்ளி வைத்தான். போனில் காட்டினார்கள். படம் நின்று நின்று வந்தது.

பதினாறாம் நாள் அக்கா பேசினாள். அழவில்லை.

"கடைசி வரைக்கும் வாசலத்தான்டா பாத்துக்கிட்டு கெடந்தாரு. எதுக்குடா போன?"

வாய்க்கு வந்தது அதுதான். "அப்பா மனசார அனுப்பி வச்சாருக்கா. போயிட்டு வா, திரும்பிப் பாக்காத, நான் நல்லா இருப்பேன்னு சொன்னாரு."

"எப்பச் சொன்னாரு?"

"கிளம்பும்போது."

"நான் அடுப்படியிலதான நின்னேன். அவரு வாயத் தொறக்கல."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"செத்த மனுசன் வாயில வார்த்தையப் போடுறியாடா நீ," என்றாள். வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரியோடு பேசுவாள். கயலோடு பேசுவாள். நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள். திதிக்குப் பணம் அனுப்பினால் திரும்ப அனுப்பிவிடுவாள்.

7

நூலகத்துக்குக் கயலைக் கூட்டிக்கொண்டு போனேன். கீழே ஓடுவது இந்த ஊர் எழுத்து. எனக்குப் பேச்சு கொஞ்சம் வரும், படிக்க வராது. அவளுக்கு இஷ்டமில்லை. அம்மா சொல்லி வந்தாள்.

"கறுப்பு வெள்ளையா?"

"ஆமா."

"பேச்சு எனக்கும் புரியாதுப்பா. வேற நாடு."

"எழுத்தப் படிச்சுச் சொல்லு. போதும்."

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முதலில் வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். ரெண்டு சொல், மூணு சொல். தெரியாத இடத்தில் "என்னமோ சொல்றாரு" என்று விட்டுவிடுவாள். பிறகு அவளாகவே வேகம் பிடித்துச் சொன்னாள். ஜெபராஜ் சார் அன்றைக்குச் சொன்னதும் இவள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். இவள் தமிழ் கொஞ்சம் உடைந்த தமிழ்.

மகன் பெட்டியைத் தூக்கினான். அப்பா உப்பை இழுத்தார். முதுகு. எழுத்து வந்தது. இங்கே எழுத்து மஞ்சள்.

"இரு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இரு," என்றாள் கயல்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "யாரு?"

"அந்த அப்பா. மெதுவாச் சொல்றாரு. அவனுக்குக் கேக்கல போல."

"நல்லாப் பாத்தியா?"

"மஞ்சளா இருக்குல்ல, தெரியும்ல." முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்கதான் ஏற்கெனவே பாத்ததாச் சொன்னீங்க. உங்களுக்குத் தெரியுமே."

"பாத்தேன்," என்றேன்.

மிச்சப் படத்தை அவள் சொன்னாள். எனக்குக் காதில் விழவில்லை. விளக்குப் போட்டதும் பத்துப் பேரும் கை தட்டினார்கள். இங்கே அப்படிப் பழக்கம். கயலும் தட்டினாள். வெளியே வந்து அவளாகவே சொன்னாள், "நல்லா இருந்துச்சுப்பா. பாவம் அந்தப் பையன்."

"அந்த அப்பா?"

"அவரு சத்தமாச் சொல்லியிருக்கலாம்ல."

8

மறுநாள் ஜெபராஜ் சாருக்குப் போன் போட்டேன். ரிட்டயர் ஆகி, கண்ணில் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறார். நான் கிளம்பும் வரை பார்த்த நாற்பத்தியேழோடு பட்டியல் நிற்கிறது. மூன்று பேர் இல்லாமல் போடமாட்டேன் என்று காதர் அண்ணன் பிடிவாதம். தாள் இன்னும் கதவில்தான் இருக்கிறதாம்.

"சார், உப்புப் படத்துல அந்த அப்பா கடைசியா என்ன சொல்வாரு?"

"எந்த இடம்?"

"மகன் போகும்போது. முதுகு காட்டிக்கிட்டு."

யோசித்தார். "ஏப்பா, அந்த இடத்துல எழுத்தே தெரியலையேப்பா. வெள்ள உப்பு, வெள்ள எழுத்து. ஒண்ணும் தெரியல. நீங்க ரெண்டு பேரும் என் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கீங்க. தெரியலைன்னு சொன்னா காதர் திருப்பிப் போடச் சொல்லுவான். என்னமோ சொல்லி வச்சேன்."

"என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லையே. என்ன சொன்னேன்?"

நான் சொன்னேன். ஒரு சொல் விடாமல்.

"நல்லாத்தான சொல்லியிருக்கேன்," என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நெசத்துல என்னவாம்?"

அதையும் சொன்னேன்.

சாருக்கு என் அப்பாவைத் தெரியும். நான் கிளம்பின கதையும் தெரியும். "பாண்டி," என்றார். "நீ போனது அதை வச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பாரத்தை அவர் தலையில் இறக்கி வைத்திருக்கலாம். வயசான மனுசன். அதோடு அது உண்மையும் இல்லை. அன்றைக்கு அவர் வேறு என்ன சொல்லியிருந்தாலும் நான் எனக்கு வேண்டியதைத்தான் எடுத்திருப்பேன். முதுகில் எழுத்தா ஓடியது, படிக்கிறதுக்கு. நானாகத்தான் படித்துக்கொண்டேன்.

"இல்ல சார். நானாத்தான் போனேன்."

"அப்ப நாப்பத்தொண்ணு கணக்குல வராதுப்பா," என்றார் சார். "நாம அந்தப் படத்தப் பாக்கல. காதர்ட்டச் சொல்லி கோட்ட அழிக்கச் சொல்றேன்."

9

அன்றைக்கே வீட்டுக்காரி போனை வாங்கி அக்காவைக் கூப்பிட்டேன். அவள் நம்பர் என்பதால் எடுத்தாள்.

"சொல்லும்மா."

"நான்தான்க்கா. வச்சுறாத. ஒண்ணே ஒண்ணு."

வைக்கவில்லை.

"அன்னைக்கு அப்பா எதுவும் சொல்லல. நான் பொய் சொன்னேன்."

"அது தெரியும்."

"ஏஜெண்ட்டும் கூப்பிடல. திங்கக்கிழமை போனாப் போதும். ஒரு நாள் இருந்துச்சு. இருந்தாப் போகமாட்டேன்னு பயந்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

அங்கே தெருவில் ஆட்டோ போகிற சத்தம் கேட்டது.

"அது தெரியாது," என்றாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வேறு என்னமோ பேசுகிற குரலில் பேசினாள்.

"அன்னைக்குக் காலையில அப்பா எங்க போனாருன்னு உனக்குத் தெரியுமா? திருமங்கலம் போனாரு, சைக்கிள்ல. கறி எடுக்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வரிசையில நின்னு எலும்பில்லாம முக்கால் கிலோ எடுத்துட்டு வந்தாரு. நீ மறுநாள்தான் போறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு. 'அவன் ராத்திரிக்கும் சாப்பிடுவான், நாளைக்குக் கட்டியும் குடுக்கலாம்'னு சொல்லிக் குடுத்தாரு. அடுப்புல வச்சிருந்தேன். வேகல. நீ பையத் தூக்கிட்ட."

"எனக்கு வாசம் வரலையே."

"மசாலாவே போடலடா இன்னும்."

அப்பா பேசவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் இவ்வளவு பேசியிருக்கிறார். அடுப்படி வாசலைத் தாண்டி நான் ஒரு எட்டு வைத்திருந்தால் சட்டியைப் பார்த்திருப்பேன்.

"அப்புறம்?" என்றேன்.

"என்ன அப்புறம்?"

"யாரு சாப்பிட்டா?"

"அவரு தொடல. எனக்கு வேணாம்னுட்டாரு. சுண்டச் சுண்ட மூணு நாள் வச்சு நான்தான் தின்னேன். கொட்டவா முடியும்?"

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றாள்.

அதன் பிறகும் போனை அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.